கார்த்திகைக் கிழங்கு: வன்னியில் நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

நெடுங்கேணியான்:
எங்கள் மேட்டுக்காணியில் பற்றை வெட்டிய அன்று மண்வெட்டியில் கிளம்பிய கிழங்கை வற்றாளை என்று எண்ணி அவித்துத் தின்ற என் மைத்துனருக்கு, இரவே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். இனிப் பயமில்லை என்று நாங்கள் ஆறியிருந்த இரண்டாம் கிழமையில், மாமி அவரை முற்றத்தில் இருத்தித் தலைக்கு எண்ணெய் வைத்தபோது, மயிர் கற்றையாக மாமியின் விரல்களோடு வந்தது. இழுக்கவில்லை, தடவிய கையோடு வந்தது. மகன் காணக்கூடாதென்று மாமி அதைச் சேலைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டார். இந்தக் கிழங்கை மருந்தென்று வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருப்பதால் எழுதுகிறேன்.

ஒட்டுசுட்டான் பேர்த்தி:
அப்படி வைத்திருந்தவர்களில் என் அம்மம்மாவும் ஒருவர். அவர் ஊர் மருத்துவிச்சி. பிள்ளைப்பேறு இழுபட்டால் கிழங்கை அரைத்துத் தாயின் உள்ளங்காலிலும் தொப்புளுக்குக் கீழேயும் பூசுவார். உள்ளுக்கு ஒருபோதும் கொடுத்ததில்லை. அதற்கென்றே ஒரு அம்மி கோடிப்புறத்தில் கிடந்தது, அதில் வேறெதுவும் அரைபடாது. நான் சிறுமியாக வாசலில் நின்ற ஒரு பேற்றின்போது, பிள்ளையின் அழுகுரல் கேட்டதும் எல்லோரும் பிள்ளையைப் பார்க்க, அம்மம்மா மட்டும் வெந்நீர்த் துணியால் தாயின் உள்ளங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெடுங்கேணி அண்ணை, அறியாமல் அவித்ததையும் அறிந்து பூசியதையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

மல்லாவி வாசகன்:
தங்கச்சி சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. எங்கள் பரியாரியார் கிழங்கைச் சீவி, ஒரு நாள் முழுவதும் கோமூத்திரத்தில் ஊறவைத்த பின்பே முழங்கால் வீக்கத்துக்குப் பற்றுப்போடுவார். அப்படியிருந்தும் என் ஐயாவுக்குப் போட்ட இடம் சிவந்து கொப்பளித்தது.

கேட்காவிட்டாலும் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். இதிலுள்ள கொல்சிசின் என்ற நஞ்சு, யூரிக் அமிலம் மூட்டில் படிவதால் வரும் வாதத்துக்கு வைத்தியர்கள் மிகச் சிறிய அளவில் கொடுக்கும் அதே பொருள்தான். அது கொதிநீரில் அழிவதில்லை. தின்றவருக்குச் சில மணிநேரம் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். வாந்தி நின்று தேறியதுபோலத் தோன்றும் நாட்களில்கூட, கலங்கள் பிரிவதை அது தடுப்பதால் என்புமச்சை நலிந்து இரத்த அணுக்கள் குறையும். மைத்துனரின் மயிர் கொட்டியதும் அதனால்தான். எளிதில் கிடைக்கும் முறிவுமருந்தும் இதற்கு இல்லை. ஆகவே சந்தேகம் வந்தவுடனேயே, மிஞ்சிய கிழங்குத் துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாரியில் கொடியைக் காணும்போது ஒருவரும் ஏமாறமாட்டார்கள், ஏனென்றால் இலைநுனி சுருண்டு பற்றிப்பிடித்திருக்கும், பூவும் மஞ்சளும் சிவப்புமாகக் காட்டிக்கொடுக்கும். கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிட, கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும், நாம் காணி வெட்டுவதும் அந்தக் காலத்தில்தான். இலையைக் காணாமல் எந்தக் கிழங்கையும் பானையில் இடாதீர்கள். பிள்ளைகளுக்கும் இதைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

மாங்குளத்தான்:
பாம்புக்கடியை ஒருவரும் சொல்லவில்லை. வயலில் புடையன் தீண்டிய எங்கள் அயலவருக்குக் கடிவாயில் இந்தக் கிழங்கை அரைத்து வைத்து, காலைப்பொழுது முழுவதையும் வீணாக்கிய பின்புதான் ஏற்றிச் சென்றோம். கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து தாதி சரித்தபோது, உறைந்திருக்க வேண்டிய இரத்தம் தண்ணீராக ஓடியது. பாம்பு நஞ்சுக்கான முறிவுமருந்தால் உயிர் தப்பினார், ஆனால் சிறுநீரகம் கெட்டுவிட்டது. மல்லாவி அண்ணை, உங்கள் பரியாரியார் புடையன் கடிக்கும் இதைத்தான் வைத்தாரா, அல்லது உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரா?