பாலாறு வறண்டதற்கு ஆந்திரா மட்டும்தான் காரணமா?

ஆற்காட்டு விவசாயி:
போன வாரம் வாணியம்பாடியில ஒரு கல்யாணம். பந்தியில பேச்சு பாலாறு பக்கம் திரும்புச்சு. "ஆந்திராக்காரன் புல்லூர்ல அணையை உசத்திட்டான், அதான் நமக்குத் தண்ணி இல்ல"ன்னு ஒருத்தர் சொல்ல, எல்லாரும் ஆமாம்னாங்க. எனக்குச் சோறு இறங்கல.

எங்க ஊருக்குப் பாசனம் ஊத்துக்கால்வாய்ல. தை பிறந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் போய் ஆத்து மணல்ல கால்வாய்த் தலைப்பை வெட்டணும். ஆத்துல ஒரு சொட்டு ஓடாத சித்திரையிலயும் மணலுக்கு அடியில ஊறி வர்ற தண்ணி கால்வாய்ல கணுக்கால் அளவு போகும். நான் சின்னப் பையனா அதுல கெண்டை பிடிச்சிருக்கேன். இன்னைக்கு அந்த இடத்துல மணலே இல்ல. களிமண் தெரியுது, மேல சீமைக்கருவேலம். அந்த மணலை லாரியில ஏத்தினது ஆந்திராக்காரன் இல்ல. நம்ம ஊர் ஆளுங்கதான். இதைப் பேசாம எல்லையைக் காட்டிட்டு உட்கார்ந்திருக்கிறது நியாயமான்னு கேக்கறேன்.

எல்லையோரத்தான்:
அண்ணே, உங்க வருத்தம் புரியுது. ஆனா நான் புல்லூர்லேர்ந்து கூப்பிடு தூரத்துல இருக்கேன். 2016இல் அந்தத் தடுப்பணையை 5 அடியிலேர்ந்து 12 அடியா உசத்தினப்ப நாங்க கண்ணால பார்த்தோம். முன்னெல்லாம் மேல ஒரு மழை பெஞ்சா ராத்திரிக்குள்ள எங்க பக்கம் செந்தண்ணி வந்துடும். இப்ப அங்க நிரம்பி வழிஞ்சாத்தான் எங்களுக்கு.

அது ஒண்ணு மட்டுமா? குப்பம் பக்கம் வரிசையா தடுப்பணை. அதுக்கு மேல கர்நாடகாவுல பேத்தமங்கலா ஏரி. 1892 ஒப்பந்தப்படி மேல இருக்கறவங்க நம்மைக் கேக்காம புது அணை கட்டக் கூடாது. இதுக்காக 2006லேயே தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போயிருக்கு. மணல் மணல்னு நாமே பேசினா, "உங்க தப்புதான்னு நீங்களே சொல்றீங்களே"ன்னு அவங்க சொல்ல மாட்டாங்களா?

பழைய பொதுப்பணித்துறை:
தம்பி, ஒப்பந்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அது சென்னை மாகாணத்துக்கும் மைசூருக்கும் நடந்தது. அன்று ஆந்திர மாநிலமே கிடையாது, குப்பமும் சென்னை மாகாணம்தான். அந்தக் கடமை ஆந்திரத்துக்கும் உண்டு என்பதுதான் நம் வாதம். வழக்கைக் கைவிடச் சொல்லவில்லை.

ஆனால் ஆற்றின் கணக்கைப் பாருங்கள். பாலாறு நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ. ஓடுகிறது. மீதி 222 கி.மீ. நம்மிடம். மலட்டாறும் அகரம் ஆறும் செய்யாறும் நம் எல்லைக்குள் வந்து சேர்பவை. பொன்னையாறும் புல்லூருக்குக் கீழேதான் சேர்கிறது. 2021 நவம்பரில் வாலாஜா அணைக்கட்டில் லட்சம் கனஅடிக்கு மேல் போனதே, அதைப் புல்லூர் தடுத்ததா? அந்தத் தண்ணீரில் காவேரிப்பாக்கம் போன்ற ஏரிகளுக்குப் போனது போக மற்றது வாயலூர் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது.

பாலாற்றுக்கு அணை என்பதே அதன் மணல்தான். ஒரு கன மீட்டர் ஆற்று மணல் ஏறக்குறைய 200 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும். வெயிலில் ஆவியாகாது. இரண்டு ஆள் ஆழத்துக்கு மணலை எடுத்துவிட்டால் வெள்ளம் நிற்காமல் ஓடும், கரையோரக் கிணற்றின் நீர்மட்டமும் ஆற்றோடு சேர்ந்து கீழே இறங்கும். பணியில் இருந்தபோது இதைக் கோப்பில் எழுதியிருக்கிறேன். அது எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியும், அந்த வேதனை இன்னும் போகவில்லை.

ஆம்பூர் அக்கா:
தண்ணி வரலைன்னு மூணு பேரும் பேசறீங்க. வந்த தண்ணியை என்ன பண்ணினோம்னு யாராவது பேசுங்களேன்.

எங்க வீட்டுக் கிணத்துல தண்ணி இருக்கு, ஐயா. நாப்பது அடியில பளிங்கு மாதிரி தெரியும். அதுல பருப்பு வேகாது. பித்தளைக் குடத்துல ராத்திரி பிடிச்சு வெச்சா காலையில உள்ளே வெள்ளையா ஒரு வளையம். தென்னை மரம் இருக்கு, காய் என் கைப்பிடி அளவுதான். மாமனார் நெல்லு வெச்ச நிலம், இப்ப உப்புப் பூத்துக் கிடக்கு. புல்லூர் அணையை நாளைக்கே இடிச்சாலும் இந்த உப்பு போயிடுமா?

1996இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகள் வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு, கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு. அப்புறம் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26.82 கோடின்னு நஷ்டஈடு போட்டாங்க. வகுத்துப் பாருங்க, ஆளுக்குச் சராசரியா ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு தலைமுறை நிலத்துக்கு அதான் விலை. 2025 ஜனவரி 30 அன்னைக்கு மறுபடியும் தீர்ப்பு, மறுபடியும் குழு. நடுவுல 28 வருஷத்துக்கு மேல போச்சு.

டேனரிக்காரன் மகன்:
அக்கா, நான் எதிர்ப்பக்கத்துலேர்ந்து பேசறேன். கோவிச்சுக்காதீங்க. எங்க அப்பா முப்பது வருஷம் தோல் பதப்படுத்தற டேனரியில சுண்ணாம்புக் குழியில நின்னவர். நான் டேனரிங்களோட கழிவுத் தண்ணிக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துல ஷிப்டு பார்க்கறேன். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைன்னு எத்தனை வீட்டு அடுப்பு இந்தத் தொழில்ல எரியுது!

எங்க தாத்தா காலத்துல ஆவாரம்பட்டையில பதப்படுத்தினாங்க. பட்டைக்குப் பதிலா குரோமியம் போட்டுப் பதப்படுத்தறது பின்னாடி வந்தது. அதனால கெடுதல் நடந்துச்சு, மறுக்கல. ஆனா இப்ப எங்க நிலையத்துல ஆர்.ஓ. இருக்கு, ஆவியாக்கி இருக்கு, சொட்டுத் தண்ணி வெளியே விடக் கூடாதுன்னு விதி இருக்கு. கரையோர நகரங்களோட சாக்கடை ஆத்துக்குத்தானே வருது? கோழிக்கழிவு மூட்டையைப் பாலத்துலேர்ந்து வீசறது யாரு? எல்லாத்தையும் எங்க தலையில வைக்காதீங்க.

ஆம்பூர் அக்கா:
விதி இருக்கு தம்பி. மாராப்பட்டு பாலத்துக்கிட்ட மழை பெஞ்ச மறுநாள் வந்து நில்லுங்க. ஆத்துல பஞ்சு மாதிரி நுரை மிதக்கும். சாக்கடைத் தண்ணி அவ்வளவு நுரைக்குமா? மழைத்தண்ணியோட கலந்து ராத்திரியில திறந்து விடறாங்கன்னு ஊருக்கே தெரியும். ராணிப்பேட்டையில 1990கள்ல மூடின குரோமியத் தொழிற்சாலையோட கழிவு லட்சக்கணக்கான டன் மலையாக் கிடந்துச்சே, அது யார் வீட்டுக் குப்பை? 2015 ஜனவரியில அதே ஊர்ல சுத்திகரிப்பு நிலையத்தோட கழிவுத்தொட்டி உடைஞ்சு, தூங்கிட்டிருந்த தொழிலாளிங்க 10 பேர் சேத்துல மூழ்கிச் செத்தாங்க. உங்களை மாதிரி ஷிப்டு பார்த்த பிள்ளைங்கதானே? உங்க தொழிலை நான் பழிக்கல. உங்களையும் சேர்த்துத்தான் பேசறேன்.

டேனரிக்காரன் மகன்:
அந்த ராத்திரியை நாங்க மறக்கல, அக்கா. நுரையைப் பத்தி நீங்க சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ராத்திரியில விடறவங்க இருக்காங்க.

ஆனா உள்ள இருக்கறவன் ஒண்ணு சொல்றேன். குரோமியத்தையாவது திரும்ப எடுத்துடலாம். உப்பை எடுத்தா வைக்க இடமில்ல. பச்சைத்தோல் கெடாம இருக்க அதோட எடையில கிட்டத்தட்ட 40 சதவீதம் உப்புத் தடவி வருது. அதை அப்படியே ஊறப்போட்டா மொத்தமும் கழிவுத் தண்ணியில கரைஞ்சுடும். ஊறப்போடறதுக்கு முன்னாடி உதறி எடுத்தாலே கணிசமான உப்பு வெளியே வந்துடும். அதுக்கு ஒரு சுழல் டிரம்மும் ரெண்டு ஆளும் போதும். நேரம் ஆகுதுன்னு பல இடத்துல செய்யறதில்ல. ஆவியாக்கியில மிஞ்சற கலப்பு உப்பையோ யாரும் வாங்கறதில்ல, கூடாரத்துல மூட்டையா அடுக்கி வெச்சிருக்கோம்.

எல்லையோரத்தான்:
சரி, எல்லாம் கெட்டுப்போச்சு. வழி என்ன? தென்பெண்ணையைப் பாலாத்தோட இணைக்கணும்னு எத்தனையோ வருஷமா கேக்கறோம். அதைச் செஞ்சா ஆந்திராவைக் கெஞ்ச வேண்டாம். இப்பவே வேலூர் ஜில்லா குடிக்கறது மேட்டூர்லேர்ந்து குழாய்ல வர்ற காவிரித் தண்ணிதானே?

பழைய பொதுப்பணித்துறை:
அதுதான் எனக்கு வலிக்கிறது, தம்பி. பாலாற்றங்கரையில் வீடு வைத்திருப்பவன் வேறொரு ஆற்றின் தண்ணீருக்குக் குழாயடியில் நிற்கிறான். குடிநீருக்கு அந்தத் திட்டம் வேண்டியதுதான், எதிர்க்கவில்லை. தென்பெண்ணையிலும் வெள்ளக் காலத்து உபரியைத்தான் தருவார்கள். அதை வாங்கி எங்கே வைப்பது? மணல் போன ஆற்றில் அதுவும் ஓடித்தான் போகும்.

என் யோசனை வேறு. ஆற்றுக்குக் குறுக்கே, மணலுக்கு அடியிலேயே களிமண்ணிலோ கான்கிரீட்டிலோ தடுப்புச் சுவர். மேலே எதுவும் தெரியாது, மேல்பக்கம் நீர்மட்டம் ஏறும். வேலூர்ப் பக்கத்து நாகநதியில் நூறு நாள் வேலையில் பெண்கள் உறைகிணறுகள் இறக்கி வெள்ள நீரை நிலத்துக்குள் விட்டார்கள். பாலாற்றின் மற்ற கிளைகளிலும் அதைச் செய்யலாம். ஆனால் ஆம்பூர் பகுதியில் உப்பு நிற்காமல் இதைச் செய்தால் கெட்ட தண்ணீரையே சேமித்தவர்கள் ஆவோம். அங்கே அந்த அம்மா சொல்வதுதான் முதலில்.

எல்லையோரத்தான்:
உப்பு விஷயம் ஒத்துக்கறேன், ஐயா. புல்லூரை விட மாட்டேன். எங்க ஊருக்கு மேல வேற கிளை ஆறு எதுவும் இல்ல, எங்களுக்கு அது ஒண்ணுதான்.

ஆற்காட்டு விவசாயி:
விட வேண்டாம் தம்பி, வழக்கு நடக்கட்டும். அக்டோபர் 2 கிராம சபையில ஊத்துக்கால்வாயைத் தூர்வாரத் தீர்மானம் கேக்கப் போறேன். தலைப்பு இருந்த இடத்துல அளவுக்கல் ஒண்ணு நட்டிருந்தாங்க, பாதி புதைஞ்சு கிடக்கு. பழைய மணல் மட்டம் அதுல கோடு போட்டிருக்கும். ஞாயித்துக்கிழமை கருவேலத்தை வெட்டிட்டு அதைத் தோண்டப் போறோம். ஐயா வந்து மட்டம் பார்த்துச் சொன்னா நல்லா இருக்கும்.

பழைய பொதுப்பணித்துறை:
வருகிறேன். மட்டக்கருவி என்னிடம் இருக்கிறது. வெயிலுக்கு முன் ஆறு மணிக்கே தொடங்குவோம்.