அக்டோபரில் மன்னார் வளைகுடா, அவசரமில்லாமல் 4 நாள்: தேதி, படகு, அப்பாவின் முழங்கால் (உதவி தேவை)

நொய்யல்கரை:
வணக்கம். டொரண்டோவில் இருக்கும் அண்ணன் குடும்பம் அக்டோபரில் ஊருக்கு வருகிறது. அங்கே அந்த மாதம் இலையெல்லாம் சிவந்ததும் ஆளாளுக்குத் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவார்களாம். "நம்ம ஊர்க் கடலோரத்திலும் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறதே, அங்கே போய் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வரலாம்" என்று அண்ணி சொல்லிவிட்டார். மன்னார் வளைகுடாவைத்தான் சொல்கிறார். இந்தச் சும்மா இருப்பதுதான் எனக்குப் பிரச்சினை.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாங்கள் ராமேஸ்வரம் போன லட்சணத்தைக் கேளுங்கள். விடியற்காலை 22 தீர்த்தம், ஈரத்துணியோடு இட்லி, அப்புறம் தனுஷ்கோடி, கலாம் நினைவிடம், இடையில் ஒரு சங்குக் கடை. மத்தியானம் தீவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒருவர் முன்பணம் வாங்கிக்கொண்டு "காற்று சரியில்லை சார்" என்று போனை அணைத்துவிட்டார். ராத்திரி கோவை திரும்பும்போது மகள் கேட்டாள்: "கடல் எப்பப்பா வரும்?"

இந்த முறை பெரியவர்கள் ஐந்து பேர், குழந்தைகள் மூன்று. அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி, படி ஏறினால் முகம் மாறிவிடும். அக்டோபர் 27 முதல் 30 வரை என்று நினைத்திருக்கிறோம். தீவுக்குப் போக முடியுமா? எங்கே தங்கலாம்? மழை வந்தால் என்ன செய்வது?

இரவு வண்டி:
சார், முதலில் தேதியை மாற்றுங்கள். அக்டோபர் 28 முதல் 30 வரை பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி, குருபூஜை. மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் ரோடு முழுக்கச் சோதனைச் சாவடி. வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு இருக்கும். எங்கே திருப்பிவிடுவார்கள் என்று வண்டி ஓட்டுகிற எங்களுக்கே தெரியாது. அந்த மூன்று நாள் இந்தப் பக்கம் நான் சவாரி எடுப்பதே இல்லை.

மகாளய அமாவாசையும் வேண்டாம். அன்றைக்கு அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடம் கிடைக்காது. நவராத்திரி முடிந்து, தீபாவளிக் கூட்டம் கிளம்புவதற்குள் வந்துவிட்டுப் போங்கள்.

பாம்பன் காற்று:
அண்ணே, மேலே சொன்னவர் ரோட்டைச் சொன்னார், நான் கடலைச் சொல்கிறேன். உங்கள் அண்ணிக்கு அது இலை உதிர்கிற காலம். எங்களுக்குக் காற்று மாறுகிற காலம்.

பாம்பனில் நின்றால் இரண்டு பக்கமும் கடல். வடக்கே இருப்பது பாக் விரிகுடா, வடகடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். வைகாசியிலிருந்து கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை விழுந்ததும் அப்படியே தலைகீழ். வடகடல் எகிறும், தென்கடல் அடங்கும். நடுவில் புரட்டாசிக் கடைசியில் ஒரு பத்துப் பதினைந்து நாள் இரண்டும் சாதுவாக இருக்கும். எல்லா வருடமும் இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், பெரும்பாலும் இருக்கும். அக்டோபர் இரண்டாவது வாரம் என்று நான் சொல்வது அதனால்தான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக 20ஆம் தேதியை ஒட்டித்தான் தொடங்கும்.

தீவுக்கு இந்த நாள்தான் என்று முன்கூட்டி எழுதி வைக்காதீர்கள். நாலு நாளில் எந்த நாள் காற்று விடுகிறதோ அன்றைக்குப் போங்கள். தென்பக்கம் அலை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வடபக்கம் போய்விடுங்கள், அரை மணி நேரம்தான். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் மட்டும் வாதாட வேண்டாம், ரூமில் சீட்டு ஆடுங்கள்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றி தம்பி. ராமேஸ்வரத்துக்கு இத்தனை தடவை வந்திருக்கிறேன், இரண்டு கடல் என்று இப்போதுதான் உறைக்கிறது. சரி, தீவுகளுக்கு யார் கூட்டிப்போவார்கள்? போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாது.

வாத்தியார்:
தம்பி, 30 வருடம் விலங்கியல் எடுத்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கடலுக்குள் வரிசையாகக் கிடக்கும் 21 சின்னத் தீவுகளும் அவற்றைச் சுற்றியுள்ள கடலும்தான் தேசியப் பூங்கா. 1986இல் அறிவித்தார்கள், சுமார் 560 சதுர கிலோமீட்டர். 1989இல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. முயல் தீவு, மனோலி, பூமரிச்சான், புள்ளிவாசல் என்று பெயர்களே அழகாக இருக்கும். இவற்றில் இரண்டு தீவுகள் இப்போது தண்ணீருக்கு மேலே இல்லை. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தோம். அலையைத் தடுக்கிற சுவரை நாமே உடைத்தால் மணல் எத்தனை நாளைக்கு நிற்கும்?

வாசல் வைத்து டிக்கெட் கிழிக்கிற பூங்கா இல்லை இது. நினைத்த தீவுக்கு நாமே படகு பிடித்துப் போகவும் முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். பாம்பன் பக்கத்தில் இருக்கும் குந்துகால் துறையிலிருந்து வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு குருசடைத் தீவுக்குப் போகிறது. அதற்கு மட்டும் பணம் கட்டுங்கள். "நாட்டுப்படகில் முயல் தீவு வரைக்கும் போய் வரலாம்" என்று யாராவது காதில் ஓதினால் நகர்ந்துவிடுங்கள். மாட்டினால் வழக்கு உங்கள் மேலும்தான் வரும்.

எங்கள் கல்லூரியிலிருந்து ஒவ்வொரு வருடமும் மாணவர்களைக் குருசடைக்குக் கூட்டிப்போவோம், பலனோகிளாசஸ் என்ற புழுவைப் பார்க்க. முதுகெலும்புள்ள நமக்கும் முதுகெலும்பு இல்லாத பிராணிகளுக்கும் இடையில் நிற்கிற தூரத்து உறவு அது. தண்ணீர் வற்றும்போது ஈர மணலில் முறுக்கு பிழிந்து வைத்தது போல மண் சுருள் சுருளாகக் கிடக்கும். அதுதான் அடையாளம், புழு அடியில் இருக்கும். தோண்டி எடுத்தால் பழைய ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். நாங்கள் தோண்டினோம். இப்போது தோண்டக் கூடாது, முறுக்கை மட்டும் காட்டுங்கள், குழந்தைகளுக்கு அதுவே போதும்.

அப்பாவைப் படகில் ஏற்ற வேண்டாம். படகு ஆடும்போது ஒரு காலில் நிற்க வேண்டிவரும். குந்துகாலிலேயே விவேகானந்தர் நினைவிடம் இருக்கிறது. சிகாகோ போய்விட்டுத் திரும்பியபோது 1897 ஜனவரி 26 அன்று அங்கேதான் கரை இறங்கினார். அங்கே நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள். பொழுது போகாதே என்று நீங்கள் கவலைப்படுவீர்கள், அவர் கவலைப்பட மாட்டார்.

பயணப் பித்தன்:
அக்டோபர் சூப்பர் சீசன் ப்ரோ! தனுஷ்கோடியில் ஆயிரக்கணக்கில் பூநாரை பார்க்கலாம், சக்கரக்கோட்டை சரணாலயத்தையும் விட்டுடாதீங்க!

வாத்தியார்:
பித்தன் தம்பி, எந்த அக்டோபரில் பார்த்தீர்கள்? பூநாரைக் கூட்டத்துக்கு மார்கழி, தை வர வேண்டும். சக்கரக்கோட்டை ஒரு கண்மாய். மழை பெய்து கண்மாய் நிரம்பினால்தான் பறவை வந்து கூடு கட்டும். அக்டோபர் நடுவில் போனால் காய்ந்த மண்ணையும் கருவேல மரத்தையும் பார்த்துவிட்டு வரலாம். அந்த மாதத்தில் உண்மையாகவே வந்து இறங்குபவை உள்ளான்கள். வடக்கே குளிர் தொடங்கியதும் கிளம்பி வருகிற குட்டிப் பறவைகள், அலை பின்வாங்கும்போது அதன் பின்னாலேயே ஓடிக் கொத்திவிட்டு, அலை திரும்பியதும் பதறிக்கொண்டு மேலே ஓடிவரும். அண்ணன் குடும்பமும் அந்த வழியில்தானே வருகிறது.

உச்சிப்புளி அக்கா:
தங்குவதற்கு ராமேஸ்வரம் வேண்டாம் தம்பி. கோயில் ஊர், ராத்திரி முழுக்க பஸ் வரும், ஆட்கள் பேசிக்கொண்டே போவார்கள். மண்டபம், உச்சிப்புளி பக்கம் ஒரே இடத்தில் மூன்று ராத்திரியும் தங்குங்கள். தினமும் பெட்டி கட்டி அவிழ்த்தால் அதற்குப் பெயர் ஓய்வா? தரைத்தளத்தில் ரூம் கேளுங்கள், குளியலறையில் மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள், அப்பாவுக்காகச் சொல்கிறேன்.

அரியமான் கடற்கரை பக்கம்தான். சவுக்குத் தோப்பு நிழல், முழங்கால் ஆழத்தில் ரொம்ப தூரம் நடக்கலாம். குழந்தைகளை அங்கே குளிக்க விடுங்கள், தனுஷ்கோடிக் கடைசியில் இருக்கும் அரிச்சல்முனையில் விடாதீர்கள். அங்கே சுழல் இழுக்கும். தனுஷ்கோடிக்குக் காலையில் போங்கள், சாயங்காலம் ஆனால் போலீஸ் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். 1964 புயலில் இடிந்த சர்ச் சுவரை ஐந்து நிமிடம் சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வந்தால் போதும். பிரப்பன்வலசையிலும் வனத்துறை துடுப்புப் படகு விடுகிறது, பெரிய பிள்ளைகள் இருந்தால் அது.

சாப்பாட்டில் இரண்டு விஷயம். அக்டோபரில் பதநீர் கேட்டு அலையாதீர்கள், அது மாசிக்கு மேல்தான். இப்போது ஓலைக் கொட்டகை ஓரமாகப் பனங்கொட்டையைக் குவித்துக் கிழங்குக்குப் பாத்தி போட்டுக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கீழக்கரை வழியாகப் போனால் தொதல் என்கிற இனிப்பு வாங்குங்கள். இன்னொன்று, இங்கே மீன் குழம்பு குண்டு மிளகாயில் வைப்பது. கனடாப் பிள்ளைகளுக்கு முதல் நாளே ஊற்றிவிடாதீர்கள்.

தொண்டிக்காரி:
மழை பிடித்தால் மண்டபம் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் இருக்கிறது. வானம் தெளிந்தால் காரங்காடு. தேவிபட்டினம் தாண்டி, தொண்டிக்கு முன்னால். அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்களே படகு ஓட்டுவார்கள், தண்ணீர் ஆடவே ஆடாது. உங்கள் அப்பா ஒருவேளை படகில் உட்கார ஆசைப்பட்டால் இங்கே முயன்று பார்க்கலாம்.

நொய்யல்கரை:
தேதி மாற்றியாச்சு, இரண்டாவது வாரம். மண்டபத்தில் தரைத்தளம் போட்டாச்சு. தீவுக்கு நாள் குறிக்கவில்லை. அண்ணி அட்டவணை கேட்டார். "காற்றைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

நொய்யல்கரை (மூன்று வாரம் கழித்து):
அவசரம். யாராவது இருக்கிறீர்களா? ஊர் திரும்புகிறோம், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிற்கிறோம். பின் சீட்டில் மகள் அலறுகிறாள். காலையில் அரியமானில் பொறுக்கிய சங்கு பைக்குள் நடக்கிறதாம். எடுத்துப் பார்த்தால் உள்ளே நண்டு. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். கால் மூன்றை வெளியே நீட்டி, தொட்டால் இழுத்துக்கொள்கிறது. வெறும் சங்கு என்றுதான் எடுத்தாள். தண்ணீர் பாட்டிலில் போட்டு வைக்கலாமா?

பாம்பன் காற்று:
அண்ணே, குடிதண்ணீரில் போடாதீங்க, செத்துவிடும். டிக்கியில் குளித்த துண்டு ஈரமாக இருக்குமே, கடல் தண்ணீர் ஈரம்? அதில் தளர்வாகச் சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள், மூடி போடாதீர்கள். அரியமானுக்குத் திரும்ப வேண்டாம். தேவிபட்டினம் 15 கிலோமீட்டர்தான், அதுவும் வடகடல்தான்.

வாத்தியார்:
துண்டு யோசனை சரி. வெயிலில் வைக்காதீர்கள். அங்கே கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கோயிலான நவபாஷாணம் பக்கம் கூட்டமாக இருக்கும், கொஞ்சம் தள்ளிப் போய்த் தண்ணீர் ஓரமாக வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம். அதுவாக இறங்கும்.

நொய்யல்கரை:
விட்டாச்சு. சங்கோடு மணலில் வைத்தோம், கால் மணி நேரம் அசையவே இல்லை. அண்ணன் பிள்ளைகள் செத்துப்போச்சு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அப்புறம் ஒரு அலை வந்து நனைத்தது, இரண்டு கண் வெளியே வந்தது, பக்கவாட்டில் நாலு எட்டு வைத்துத் தண்ணீருக்குள் போய்விட்டது.

மற்ற கதை: முதல் இரண்டு நாள் தென்கடலில் படகு விடவில்லை. அரியமானிலேயே கிடந்தோம், போன தடவை மாதிரி யாருக்கும் கோபம் வரவில்லை. மூன்றாம் நாள் குருசடை. முறுக்கு பார்த்தோம் வாத்தியார் ஐயா, மகள் எண்ணினாள், 14. நாங்கள் திரும்பி வரும்போது அப்பா குந்துகாலில் வலை பின்னுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் நேரம் சுத்திட்டு வந்திருக்கலாம்ல" என்றார்.

காரங்காடு இந்த முறை முடியவில்லை. தையில் வந்தால் பூநாரை உறுதியா?

வாத்தியார்:
உறுதியெல்லாம் பூநாரையிடம்தான் கேட்க வேண்டும். பொங்கல் கூட்டம் வடிந்ததும் வாருங்கள், நானும் வருகிறேன்.