ஆன்ம விசாரம்: உட்காரும்போது சரி, ஆபீஸில் எப்படி?

வெண்ணாறு:
எல்லோருக்கும் வணக்கம். ரமண மகரிஷியின் ‘நான் யார்?’ நூலை வைத்துத்தான் ஆன்ம விசாரப் பயிற்சி, அதாவது எண்ணம் எழும்போது ‘நான்’ என்பது யார் என்று உள்ளே திரும்பிப் பார்ப்பது. காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மனம் ஓரளவு ஒடுங்குகிறது. ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் போயே போச்சு. மூன்று சந்தேகங்கள்.

எக்செல்லில் கணக்குப் பார்க்கும்போதே “இதைப் பார்ப்பது யார்” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? அப்படிச் செய்தால் கணக்குத் தப்புகிறது, தலையும் கனக்கிறது. அடுத்தது, எண்ணங்களை விலகி நின்று சாட்சியாகப் பார்ப்பதும் விசாரமும் ஒன்றுதானா? யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடைசியாக, மதிய இடைவேளையில் பத்து நிமிடம் கண்ணை மூடினால் நேரம் போவதே தெரிவதில்லை. இது முன்னேற்றமா, தூக்கமா? தத்துவம் வேண்டாம், செய்முறை சொன்னால் போதும்.

மௌனி_64:
முதல் கேள்விக்குப் பதில்: வேண்டாம். கணக்குப் பார்க்கும்போது கணக்கை மட்டும் பாருங்கள்.

அந்த நூலில் கேள்வி கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளையே வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர்தான். 1902இல் அலுவல் விஷயமாகத் திருவண்ணாமலை வந்தபோது கேட்டார். மௌனத்தில் இருந்த ரமணர் எழுதிக் காட்டினார். காட்டுக்குப் போனவனுக்குச் சொன்ன பதில் இல்லை அது. அதில் இருக்கும் செய்முறை இதுதான்: பிற எண்ணம் எழுந்தால் அதைப் பூர்த்தி பண்ண முயலாமல், இது யாருக்கு உண்டாயிற்று என்று விசாரிக்க வேண்டும். வேலைக்கு வேண்டிய எண்ணம் தொல்லை செய்வதில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் “தப்பாகிவிட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்” என்பதுதான் தொல்லை.

ஓர் உதாரணம். மேனேஜர் எல்லோரையும் சிசி போட்டு, “சரிபார்த்து அனுப்பவும்” என்று மெயில் அனுப்புகிறார். படித்ததும் முகம் சூடாகும், மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நிற்கும். இது உடம்பின் வேலை, தானாக நடப்பது, விட்டுவிடுங்கள். அடுத்த நொடி உள்ளே ஒரு குரல்: “என்னைப் போய்...” ‘நான்’ என்ற எண்ணம் எழுவது இங்கேதான். அதற்கப்புறம் பதில் தயாராகும்: போன மாதம் அவர் செய்த குளறுபடி, யாரை சிசியில் சேர்ப்பது, எந்த வரியில் குத்துவது. முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் முழித்துக்கொள்கிறோம். பரவாயில்லை, இங்கிருந்தும் திரும்பலாம்.

கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். கண்ணை மூட வேண்டாம்; பக்கத்து சீட்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மேனேஜர் செய்தது சரியா தப்பா என்ற வழக்கைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, “இது யாருக்கு?” என்று ஒரே ஒரு தடவை. “எனக்கு” என்று வரும். அந்த ‘எனக்கு’ எங்கிருந்து கிளம்புகிறது என்று நேராகப் பாருங்கள். சொல்லாகப் பதில் தேடாதீர்கள். இரண்டு மூன்று நொடி ‘இருக்கிறேன்’ என்ற வெறும் இருப்பு மட்டும் நிற்கும், பிறகு அடுத்த எண்ணம் வந்துவிடும். அவ்வளவு போதும். இழுத்துப் பிடித்து நீட்டிக்கப் பார்க்காதீர்கள். நீட்டிக்கப் பார்ப்பவனும் அதே ‘நான்’ என்ற ஆசாமிதான். இப்போது ஃபைலைத் திறந்து சரிபாருங்கள். தப்பு இருந்தால் திருத்தி ஒரு வரி பதில். மறுபடி பொங்கினால் மறுபடி இதே வேலை. கோட்டைக்குள்ளிருந்து எதிரிகள் வர வர வெட்டிக்கொண்டே இருந்தால் கோட்டை கைவசப்படும் என்கிறார் ரமணர். ஒரே நாளில் என்று சொல்லவில்லை.

வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘நான் யார்’ ஜபமாக மாறிவிடும்: உதட்டில் கேள்வி ஓடும், பின்னால் மத்தியானச் சாப்பாட்டு நினைப்பும் ஓடும். அப்போது சொல்லை நிறுத்திவிட்டு கவனத்தை மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் மனம் “நான் பிரம்மம்” என்று மனப்பாடமாக ஒப்பிக்கும். அதுவும் எண்ணம்தான், அதையும் யாருக்கு என்று கேட்க வேண்டியதுதான். தலைக்கனம் என்றீர்களே, கண்ணாலேயே உள்ளே பார்க்க முயல்வதால் பெரும்பாலும் வருவது. நெற்றியையும் தாடையையும் தளர்த்துங்கள். அப்புறமும் வலித்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

அவல்பொரி:
மற்ற இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

சாட்சி: “நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்” என்று பின்னால் ஒருவனை நிறுத்தி வைப்பது கோபத்திலிருந்து ஓரடி விலக உதவும். ஆரம்பத்தில் தப்பில்லை. ஆனால் பார்வை முழுக்க பார்க்கப்படும் பொருள் மேலேயே இருக்கிறது. விசாரத்தில் அது பார்ப்பவன் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பாமல் மாதக்கணக்கில் சாட்சியாகவே நின்றால் ஆள் இரண்டாகப் பிளந்த மாதிரி ஆகிவிடும். வீட்டில் மனைவி சொல்வது பாதிதான் காதில் விழும்.

மதிய வெறுமை: ரமணரின் ‘உபதேச உந்தியார்’ 13ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். மனம் ஒடுங்குவது இரண்டு வகை: இலயம் (தற்காலிகமாக அடங்குவது), நாசம் (அடியோடு அழிவது). இலயித்தது மறுபடி எழும். உரு மாய்ந்தால் எழாது. சாப்பாட்டுக்குப் பின் வருவது அநேகமாக இலயம். கண் திறந்ததும் தெளிவாக இருக்கிறதா, மந்தமாக இருக்கிறதா? நடுவில் ‘இருக்கிறேன்’ என்பது விளங்கிக்கொண்டிருந்ததா, மணியைப் பார்த்துத்தான் தெரிந்ததா? மந்தம் என்றால் சாப்பாட்டுக்கு முன்னால் உட்காருங்கள், முதுகைச் சாய்க்காமல், கண்ணைப் பாதி திறந்து. ஒரேயடியாகப் பத்து நிமிடம் வேண்டாம். மூன்று மூன்று நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மூச்சைக் கவனித்து ஒடுக்குபவர்களுக்கு இந்தச் சிக்கல் அதிகம். பிராணாயாமம் மனத்தை அடக்கத் துணை செய்யுமே தவிர நாசம் செய்யாது என்று ‘நான் யார்?’ நூலிலேயே இருக்கிறது. அடங்கியதும் அங்கேயே படுத்துவிடாமல், அடங்கியதை அறிவது யார் என்று திரும்புங்கள். மாண்டூக்ய காரிகை என்ற பழைய அத்வைத நூலில் அதன் ஆசிரியர் கௌடபாதரும் லயத்தில் விழுந்த மனத்தை எழுப்பு, சிதறியதை அமைதிப்படுத்து, சமநிலை வந்ததைக் கிளறாதே என்கிறார். அங்கே வரும் சுகத்தை ருசிக்கவும் கூடாது என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

குறிஞ்சிப்பாடி:
மௌனி ஐயா, ஒரு திருத்தம். இரண்டு மூன்று நொடி போதும் என்பது ஆபீஸ் நேரத்துக்குச் சரி. காலை அரை மணியிலும் அப்படி விட்டுவிட்டால் வேர் பிடிக்காது. அங்கே இருப்பிலேயே தங்கப் பழக வேண்டும். எண்ணம் வந்தால் மட்டும் கேள்வி.

மௌனி_64:
ஒப்புக்கொள்கிறேன். பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

செந்தாழை:
யாரும் சொல்லாத ஒன்று. “எல்லாம் மாயை” என்று சொல்லிக்கொண்டு கடன் தவணையைத் தள்ளிப்போடுவதும், சம்பளம் குறைந்ததைக் கேட்காமல் விடுவதும் அத்வைதம் இல்லை, சோம்பல். ரமணரின் ‘உள்ளது நாற்பது’ அனுபந்தம் 39ஆம் பாட்டு பட்டவர்த்தனமாகச் சொல்கிறது: அத்துவிதம் என்றும் அகத்துறுக, ஓர்போதும் அத்துவிதம் செய்கையில் ஆற்றற்க. எல்லாம் ஒன்றே என்ற அத்வைதம் உள்ளத்தில் எப்போதும் இருக்கட்டும், செயலில் ஒருபோதும் காட்டாதே என்று அர்த்தம். ஆசிரமச் சமையலறையில் விடியுமுன்னே காய்கறி நறுக்க உட்கார்ந்தவர் ரமணர். அரிவாள்மணைக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாமலா நறுக்கினார்?

இன்னொன்று. கை கால் தன்னுடையது இல்லை போலவும், சுற்றி இருப்பதெல்லாம் நாடகம் போலவும் தோன்றி, கூடவே பயம், தூக்கமின்மை என்று வந்தால் அதை ஞானம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்தவே கூடாது.

வெண்ணாறு:
எல்லோருக்கும் நன்றி. மெயில் என்றால் கையை எடுத்துக்கொள்ளலாம். மீட்டிங்கில் நேருக்கு நேர் பேசும்போது?

மௌனி_64:
நீங்கள் பேசும்போது பேச்சில் இருங்கள். அவர் பேசும்போது, முடிக்கும் முன்னே உள்ளே பதில் தயாராவது தெரிந்தால், இந்த அவசரம் யாருக்கு என்று ஒரு தடவை. உடனே அவர் சொல்வதற்குத் திரும்பிவிடுங்கள். நிஜமான இடம் மீட்டிங் முடிந்து சீட்டுக்கு நடக்கும் அந்த ஒரு நிமிடம். மனம் நடந்ததையெல்லாம் மறுபடி ஓட்டி, சொல்லாமல் விட்ட பதிலை மெருகேற்றுவது அப்போதுதான். போனைப் பையிலேயே விட்டுவிட்டு அந்த நடையை மட்டும் விசாரத்துக்கு ஒதுக்குங்கள்.