தொகுமுகம்: நகரும் பொருளை அலைச்சிதறலால் படமாக்கும் துறைக்குச் சில சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பறந்துகொண்டே ரேடியோ அலைகளை அனுப்பி, திரும்பி வருபவற்றைச் சேர்த்துத் தரையைப் படமாக்கும் கருவியான சிந்தெடிக் அப்பெர்ச்சர் ரேடாருக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ‘செயற்கைத் துளை ரேடார்’ என்பதற்கே ஆதரவு கூடி வருகிறது. அதை முடிவு செய்வதற்கு முன் இந்த மடலைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்த வகை ரேடாரைச் சுமக்கும் இந்திய-அமெரிக்கச் செயற்கைக்கோளான நிசார் கிளம்பிய பிறகு, இது ஆய்வாளர்களுக்கு மட்டுமான சொல்லாக இருக்கப் போவதில்லை. பள்ளி மாணவர்களும் கேட்பார்கள்.

கேமராவில் துளை உண்டு, ஒளி அதன் வழியே உள்ளே போகும். ரேடார் ஆண்டெனாவில் எந்தத் துளையும் இல்லை. அலையை ஏந்திக்கொள்ளும் பரப்புதான் இருக்கிறது. ‘செயற்கை’ இன்னும் பொருந்தவில்லை. இயற்கையாக விளைந்த ஆண்டெனா எங்கே இருக்கிறது? குட்இயர் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் வைலி 1951இல் கண்ட வழி இதுதான்: சிறிய ஆண்டெனாவைப் பறக்கவிட்டு, போகும் பாதை நெடுகத் திரும்பி வரும் அலைகளின் டாப்ளர் மாற்றத்தை (அசைவால் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) கொண்டு இடங்களைப் பிரித்தறிவது. பாதையில் வாங்கிய அலைகளை எல்லாம் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) பிசகாமல் சேர்த்தால், அந்தப் பாதை நீளத்துக்கே ஓர் ஆண்டெனா இருந்தது போன்ற கூர்மை கிடைக்கிறது. நடப்பது தொகுத்தல்.

ஆகவே என் பரிந்துரை: தொகுமுகம். ரேடார் ரேடாராகவே இருக்கட்டும், ‘தொகுமுக ரேடார்’.

இது வினைத்தொகை. தொகுத்த முகம், தொகுக்கின்ற முகம், தொகுக்கும் முகம் மூன்றும் அதற்குள் அடக்கம். அந்த நீண்ட ஆண்டெனா எந்த ஒரு நொடியிலும் முழுதாக இருப்பதில்லை, பறக்கப் பறக்கத்தான் சேர்கிறது என்பதால் இந்த இலக்கணம் பொருளோடு ஒட்டுகிறது. முகம் என்றால் மனித முகம் நினைவுக்கு வருமே என்று ஒரு தோழி தனிமடலில் கேட்டிருந்தார். துறைமுகம், கழிமுகம் என்று வாயிலுக்கு அந்தச் சொல்லை நாம் காலங்காலமாகப் புழங்கிக்கொண்டுதானே இருக்கிறோம்.

இனி, இலக்கின் அசைவைக் கொண்டு படமெடுக்கும் வகையான ‘இன்வெர்ஸ் சிந்தெடிக் அப்பெர்ச்சர் ரேடார்’ பற்றி இழையில் ஐயா ஒருவர் எழுப்பிய கேள்வி:

> இன்வெர்ஸ் என்று முன்னால் வருவதற்கு ‘தலைகீழ்’ என்று போட்டால் போதாதா?

போதாது. இந்த இழையில் நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான்.

தொகுமுக ரேடாரின் கணக்கு முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: தரையில் உள்ளது எதுவும் அசையவில்லை. கடலில் ஒரு கப்பல் போகிறது என்று வையுங்கள். செயற்கைக்கோளிலிருந்து அதன் தூரம் 850 கி.மீ., செயற்கைக்கோளின் வேகம் நொடிக்கு 7.5 கி.மீ. கப்பல் ரேடாரை நோக்கி வரும் வேகக்கூறு நொடிக்கு 5 மீட்டர். அந்த ஐந்து மீட்டர் வேகம் அலையின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறது. கணிப்பொறிக்குக் கப்பல் நகர்வது தெரியாது. அதிர்வெண் கூடியிருந்தால் பொருள் பறக்கும் திசையில் முன்னால் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். தூரத்தை வேகத்தால் வகுத்து ஐந்தால் பெருக்கிப் பாருங்கள்: படத்தில் கப்பல் ஏறத்தாழ 570 மீட்டர் தள்ளி விழும். கப்பல் கிழித்துச் சென்ற நீர்த்தடம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். 1978இல் பறந்த சீசாட் செயற்கைக்கோள் எடுத்த படங்களிலேயே, தன் தடத்தை விட்டு ஒதுங்கி நிற்கும் கப்பல்களைப் பார்க்கலாம். ஓடும் ரயிலும் இப்படித்தான் தண்டவாளத்துக்கு வெளியே தெரியும்.

இந்த விளைவுக்கு தடவிலகல் என்று பெயர் வைக்கலாம். ‘தடம்புரளல்’ கூடவே கூடாது, செய்தியில் அது விபத்து. பொருள் ரேடாரின் பாதைக்கு இணையாக ஓடினால் இடம் அவ்வளவாக மாறாது, படம் இழுபட்டுக் கலங்கும். அதற்கு குவிப்புக்குலைவு போதும்.

தடவிலகலை வெறும் பிழையாகப் பார்க்க வேண்டியதில்லை. கப்பலுக்கும் தடத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் கப்பலின் வேகமே கிடைத்துவிடும். அசைவு தெரியாதபோது கெடுத்தது, தெரிந்தபின் தகவலாகிறது.

அடுத்த படி, அசைவையே நம்பிப் படம் எடுப்பது. ஜெர்மனியில் பான் நகருக்கு அருகே வாக்ட்பெர்கில் டிரா என்ற ரேடார் இருக்கிறது, 34 மீட்டர் விட்டமுள்ள ஆண்டெனா. 2012 ஏப்ரல் 8 அன்று என்விசாட் செயற்கைக்கோளுடன் தொடர்பு அறுந்தபோது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க டிரா எடுத்த படங்கள் உதவின. (என்விசாட்டே ஒரு தொகுமுக ரேடாரைச் சுமந்து பூமியைப் படமெடுத்துக்கொண்டிருந்த கோள்.) டிரா பறக்கவில்லை, பறந்தது இலக்கு. கடந்து போகும்போது அது ரேடாருக்குக் காட்டும் கோணம் மாறுகிறது, அந்தக் கோண மாற்றமே முகத்தைத் தொகுக்கிறது. டிராவின் படமாக்கும் அலைநீளம் சுமார் 1.8 செ.மீ. கோணம் 0.1 ரேடியன், அதாவது ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவாக, மாறினால் குறுக்குவாட்டில் 9 செ.மீ. வரை பிரித்துக் காணலாம். அந்தக் கணக்கில் தூரம் வருவதே இல்லை!

ஆனால் எவ்வளவு சுழன்றது என்பதைச் சரியாகக் கணிக்க வேண்டும். பிசகினால் படம் குறுக்காக நீண்டோ சுருங்கியோ போகும், பத்து மீட்டர்ப் பொருள் பன்னிரண்டாகத் தெரியும்.

இப்போது சொல்லுங்கள், இதில் எது தலைகீழ்? படம் கவிழ்ந்து தெரியும் என்றுதான் மாணவர் நினைப்பார். யார் அசைகிறார் என்பதே வேறுபாடு என்பதால் அதையே பெயராக்குவோம்: தன்னசைவுத் தொகுமுகம், இலக்கசைவுத் தொகுமுகம். தரையிலுள்ள ரேடாருக்குப் பின்னது மட்டும். விமானத்திலிருந்து ஆடும் கப்பலைப் படமெடுக்கும்போது இரண்டும் கலந்தே வரும், அப்போது ‘ஈரசைவு’ என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், துறைக்கான பொதுப்பெயர். ‘சிதறலைப் படமாக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சிதறு + அலை என்று அவர் சேர்த்திருக்கிறார், வாசிக்கிறவரோ சிதறல் + ஐ என்று பிரிப்பார். சிதறலையே படமெடுப்பதாக ஆகிவிடும். அலைச்சிதறல் படமாக்கம் என்று முறை மாற்றினால் சிக்கல் தீர்ந்தது. கடலடி ஒலியலைக்கும் அது அப்படியே பொருந்தும்.

படத்தின் கலங்கலைக் கணிப்பொறி தானே சரிசெய்யும் ஆட்டோஃபோகஸுக்கு ‘தற்குவிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். கேமராக்காரர்கள் வேறு ஏதேனும் புழங்குகிறார்களா? அந்தப் பக்கம் இருப்பவர்கள் சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்.