குமரகம்: சுற்றுலா வருமானம் ஊர்க்காரர் கைக்கு எப்படிப் போகிறது?

கேள்வி: ரிசார்ட்டுகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊருக்கு அரசு சுற்றுலாத் துறையால் நேரடியாக என்ன கிடைக்கும்? கேரளத்தின் குமரகத்தில் என்னதான் செய்தார்கள்?

பதில் 1: 2008-ல் கேரளச் சுற்றுலாத் துறை கோவளம், குமரகம், தேக்கடி, வயநாட்டில் பொறுப்புச் சுற்றுலாவை, அதாவது ஊர்க்காரருக்கும் பலன் போய்ச் சேரும்படியான சுற்றுலாவை, தொடங்கியது. குமரகத்தில் முதலில் கைவைத்தது ரிசார்ட் சமையலறையில்தான். காய்கறியை உள்ளூரில் வாங்கச் சம்மதிக்க வைத்தார்கள். குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் மகளிர் சுய உதவித் திட்டத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தரிசில் பயிரிட்டார்கள்.

பதில் 2: சறுக்கியது காய்கறி வரத்தில்தான். இன்று வெண்டைக்காய் குவியும், நாளை ஒரு கிலோகூட இருக்காது. சமையலறை அப்படி ஓடாது, பழைய மொத்த வியாபாரியிடமே போய்விடுவார்கள். அதனால்தான் எதை எப்போது விதைப்பது என்று பயிர் அட்டவணை போட்டார்கள். விலைக்கு ஒரு குழு, தரத்துக்கு ஒரு குழு. விலையை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் இரு தரப்பும் விலகிவிடும். இந்தப் பகுதியைத்தான் பலர் கவனிப்பதில்லை.

பதில் 3: கிராம வாழ்க்கைச் சுற்றுலாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்னை நாரைக் கயிறாகத் திரிப்பது, ஓலை முடைவது எல்லாம் வீட்டு முற்றத்திலேயே நடக்கும். பயணிகளுக்குச் செய்து காட்டுபவருக்கும் அந்த வருமானத்தில் பங்கு உண்டு. ஆனால் ஆட்கள் குறைவாகவே வர வேண்டும். முற்றத்தில் கூட்டம் சேர்ந்தால் வேலை கெடும், வீட்டாருக்கும் தொந்தரவு. ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் 2013 யுலிசஸ் விருது குமரகத்தின் பொறுப்புச் சுற்றுலாத் திட்டத்துக்குத்தான் கிடைத்தது.