62 முறை ஜெயித்தும் கையில் நஷ்டம்தான்

குதிரைப் பந்தயத்துக்கு ரேஸ் புத்தகத்தை (குதிரைகளின் பழைய ஓட்ட விவரங்கள் உள்ளது) வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

தொடர்ந்து 200 பந்தயங்களை ஒரு நோட்டில் குறித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே தொகை, 'வின்' (முதலில் வந்தால்தான் பணம்) மட்டும். 62 முறை என் குதிரை முதலில் வந்தது. சராசரியாக ஒன்றுக்கு இரண்டு ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் போட்ட ஒரு பங்கும் அதோடு இரண்டு பங்கு லாபமும் கைக்கு வரும். கூட்டிப் பார்த்தால் போட்டது 200 பங்கு, திரும்பியது 186. நோட்டை மூடிவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதிகப் பணம் கட்டப்படும் ஃபேவரிட் குதிரைகளே ஏறக்குறைய மூன்றில் ஒரு பந்தயத்தை ஜெயித்துவிடும். நான் தேர்ந்தெடுத்ததிலும் பெரும்பாலும் அவைதான். ஒன்றுக்கு இரண்டு தரும் குதிரை மூன்றுக்கு ஒருமுறை ஜெயித்தால் போட்ட பணம் மட்டுமே தேறும், லாபம் கிடையாது.

இப்போதெல்லாம் ஆட்ஸைப் பார்க்கும் முன்பே ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதிவிடுகிறேன். மொத்தம் நூறு வரவேண்டும். முதல் தடவை 130 வந்தது. பிடித்த குதிரைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்திருக்கிறேன்! நான் 25 கொடுத்த குதிரைக்கு ஒன்றுக்கு ஐந்து கிடைத்தால் போடுவேன், ஒன்றுக்கு இரண்டு என்றால் விட்டுவிடுவேன். பாதிப் பந்தயங்களில் பணமே போடுவதில்லை.

* * *

அண்ணா, எனக்குப் புரிய வைத்தது ஓட்டத்தின் வேகம். ஒரு குதிரை மூன்று பந்தயங்களில் கடைசியில் பின்தங்கியிருந்தது. ஃபார்ம் போய்விட்டது என்று எல்லோரும் ஒதுக்கினார்கள். பழைய ஓட்டங்களைத் திரும்பப் பார்த்தேன். மூன்றிலும் முன்னால் ஓடும் பழக்கமுள்ள வேறு குதிரைகளும் இருந்தன. தொடக்கத்திலேயே ஒன்றையொன்று துரத்தி, கடைசி இரண்டு ஃபர்லாங்கில் (சுமார் 400 மீட்டர்) எல்லாமே துவண்டுபோயின. நான்காவது பந்தயத்தில் முன்னால் ஓடும் பழக்கமுள்ள குதிரை அது ஒன்றுதான். ஜாக்கி அவசரப்படுத்தாமல் கொண்டுபோனார், கடைசிவரை எதுவும் நெருங்கவில்லை. அன்றிலிருந்து எத்தனையாவதாக வந்தது என்பதைவிட எப்படி ஓடி வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

* * *

குதிரைகளுக்கு வெவ்வேறு எடை ஏற்றி ஓடவிடும் ஹேண்டிகேப் பந்தயத்தில் அதிக எடை சுமக்கும் குதிரையைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடுவேன். பல நஷ்டங்களுக்குப் பிறகுதான் உறைத்தது: மற்றவற்றைவிடத் தரமான குதிரை என்பதால்தான் அந்த எடையே ஏற்றியிருக்கிறார்கள். இப்போது எடையைத் தனியாகப் பார்ப்பதில்லை. தடம் ஈரமா, தூரம் எவ்வளவு, அந்த எடையோடு முன்பு எப்படி ஓடியது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

* * *

மேலே மூன்று பேர் எழுதியதையும் படித்தேன். ஹாங்காங்கில் கணினியில் புள்ளிவிவரக் கணக்குப் போட்டுப் பந்தயம் கட்டிய பில் பென்டர் 1994-இல் வெளியிட்ட கட்டுரையில், தன் கணக்கோடு பொதுமக்கள் கட்டிய பணத்தால் அமைந்த ஆட்ஸையும் கலந்தே இறுதி வாய்ப்பைக் கணித்ததாக எழுதியிருக்கிறார். அவ்வளவு தரவு கையில் இருந்தவரே கூட்டத்தின் கணிப்பை ஒதுக்கவில்லை. நான் நூற்றுக்கு 25 வாய்ப்பு என்று எழுதி, பலகையில் உள்ள ஆட்ஸின்படி 10 தான் வந்தால் முதலில் என் நோட்டைத்தான் சந்தேகிக்கிறேன்.

ஈரத்தடத்தில் ஓடிய குதிரைகளைத் தனியாகக் குறித்து வைத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். என் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலி.