லிங்கனின் வலது கை வார்ப்பு: கம்பு ஒடிந்துகொண்டே இருக்கிறது

1860 மே 20 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் சிற்பி லியோனார்ட் வோல்க் எடுத்த லிங்கன் கை அச்சுகளின் நகலை, நூலகக் கண்காட்சிக்காக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்க்கிறோம். இடது கை சுத்தமாக வருகிறது. வலது முஷ்டிக்குள் இருக்கும் துடைப்பக் கம்புத் துண்டுதான் சிலிக்கோன் ரப்பர் அச்சை உரிக்கும்போது விரலோரம் ஒடிகிறது. நான்கு முறை ஆயிற்று.

100 பங்கு பவுடருக்குத் தண்ணீரை 70-லிருந்து 60 ஆகக் குறைத்தோம். கலவை கெட்டியாகி விரல் முட்டிகளில் காற்றுக்குமிழி. இரண்டு மணி நேரம் காத்திருந்து உரித்தும் பலனில்லை. இரும்புக் கம்பி வைத்தால் துரு கசிகிறது. கம்பை வெட்டிவிடச் சொல்கிறார்கள், அது கூடாது: அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளரானதற்கு வாழ்த்தியவர்கள் கைகுலுக்கியே வீங்கவைத்த கை அது, பிடிக்க ஏதாவது வேண்டுமென்றுதான் கம்பே வந்தது.

அச்சு ஒரே துண்டு, சுண்டுவிரல் பக்கம் ஒரு கீறல் மட்டும். கம்பைத் தனியாக வார்த்துச் செருகுவதா, அச்சை இரண்டாகப் பிளப்பதா?